ம் கொட்டுகிறவர்

தமிழினம் பின்தங்கிப் போனதற்கு "ம்" என்கிற ஒலிதான் காரணம் என்று அருண்ராஜ் அறிவித்தான். விளையாட்டாக அல்ல. தேக்கா சந்தையின் சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவில், ஒரு கோப்பை தே தாரிக் தேநீரின் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு ஊடகவியல் படிக்கும் ஒருவனுக்கு இருக்கவேண்டிய முழுப் பொறுப்போடு அறிவித்தான்.

"நெருப்பு, சக்கரம், அச்சு மெஷின்," என்று விரல்களை மடக்கினான். "நாலாவது இது."

"எது?" என்றாள் ரக்ஷனா. அவனோடு ஒரே வகுப்பில் படிப்பவள். அவனுடைய கண்டுபிடிப்புகளைக் கேட்டபடியே ரோஜாக் சாப்பிடப் பழகியிருந்தாள்.

"நேத்து பெரியம்மா கடையில கதை வாசிப்ப ரெக்கார்ட் பண்ணேன்ல. வீட்டுக்குப் போய் பாத்தா மூணுல ஒரு பங்கு ம். ஒருத்தர் படிக்கிறார், இன்னொருத்தர் ம்ங்கிறார். படிக்கிறார், ம்ங்கிறார். எத்தன நூற்றாண்டு, எத்தன ஊரு, யோசிச்சுப் பாரு. அந்த டைம் மொத்தத்தையும் மிச்சம் பிடிச்சிருந்தா நாம எப்பவோ நிலாவுக்கு ராக்கெட் விட்டிருப்போம்."

"ராக்கெட்தான் விட்டாச்சே லா."

"அது ம் சொல்லாதவங்க விட்டது," என்றான் அருண்ராஜ்.

இந்தக் கண்டுபிடிப்பு நிகழ்ந்த இடம், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில், கைப்பேசி உறை விற்கும் கடைக்கு மேலே, செங்குத்தான மரப்படிகளின் உச்சியில் இருந்தது. பெயர் ஆறெழுத்து புத்தக நிலையம். முருகன் கடை. முருகனைப் பற்றிய புத்தகங்கள், முருகனைப் பாடிய புத்தகங்கள், முருகனைக் கும்பிடும் முறையைச் சொல்லும் புத்தகங்கள், இவற்றையெல்லாம் பெரிய எழுத்தில் மறுபடி அச்சடித்த புத்தகங்கள். எந்தக் கோயிலையும் எந்தச் சங்கத்தையும் சேராத கடை. ஆகவே யாரும் வந்து அதிகாரம் செய்வதில்லை, யாரும் வந்து உதவி செய்வதுமில்லை. நடத்துகிறவர் பாக்கியலட்சுமி, அருண்ராஜின் பெரியம்மா. சமையல் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டுத் தவறுதலாகப் படியேறி வருகிறவர்களுக்கும், தினைமாவு உருண்டைக்குச் செய்முறை போட்டிருக்கும் ஒரு வழிபாட்டு நூலை விற்று அனுப்பிவிடுவார்.

தீபாவளி முடிந்து, தெருவில் கட்டிய விளக்குகளை இன்னும் கழற்றாத நாள்களில் கந்த சஷ்டி வரும். அந்த ஆறு மாலைகளிலும் கடையின் பின்னறையில் முருகன் கதை வாசிக்கப்படும். வேலை முடிந்து வருகிறவர்கள், கோயிலுக்குப் போகிற வழியில் ஏறுகிறவர்கள், துவாஸ் தொழிற்பேட்டையிலிருந்து ஓய்வு நாளில் வருகிற சில பையன்கள், கால் வலிக்கு உட்கார இடம் தேடி வருகிறவர்கள் என்று இருபது முப்பது பேர் சேர்வார்கள். வாசிக்கப்படும் புத்தகத்துக்கு அட்டை கிடையாது. முதல் சில பக்கங்களும் கிடையாது. ஆகவே அதன் பெயரும் எழுதியவர் பெயரும் யாருக்கும் தெரியாது. யாரோ ஒரு பக்தர், வேறெங்கும் இல்லாத ஆள்களையெல்லாம் கதைக்குள் நுழைத்து, உரைநடையில், எந்த அவசரமும் இல்லாமல் எழுதியிருந்தார். சூரனுடைய நகரத்தில் துணி வெளுக்கிறவனுக்குக்கூட அதில் ஓர் அத்தியாயம் உண்டு.

வாசிக்கும் முறைக்குச் சட்டம் இருந்தது. இரண்டு பாய்கள் எதிரெதிராகப் போடப்படும். ஒன்றில் படிக்கிறவர், எதிர்ப்பாயில் ம் கொட்டுகிறவர். மற்றவர்கள் சுற்றிலும் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், சாயலாம், தூங்கினாலும் குற்றமில்லை. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிர்ப்பாயிலிருந்து ஒரு ம் வரவேண்டும். வந்தால் அடுத்த வாக்கியம். வராவிட்டால் அதே வாக்கியம் மறுபடி. எதிர்ப்பாயில் உட்கார்ந்தவர் முடியும்வரை எழக்கூடாது. கூட்டத்திலிருந்து வேறு யாரும் உதவிக்கு ம் போடவும் கூடாது. எல்லோரும் சேர்ந்து சொன்னால் அது பஜனையாகிவிடும் என்பது ரெங்கசாமியின் கருத்து.

ரெங்கசாமிதான் படிக்கிறவர். ஈசூன் வட்டாரத்துக்காரர், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். "பஸ்ஸு மாதிரிதான் தம்பி," என்று முதல் நாளே அருண்ராஜிடம் சொல்லிவிட்டார். "ஆளு ஏறிட்டாங்களான்னு கண்ணாடியில பாக்காம வண்டிய எடுக்க முடியுமா?" ம் கொட்டுகிறவர் மருதப்பன். பகலெல்லாம் தெம்பனிஸில் வீடு வீடாகப் போய், மனிதர்களுக்கு நேரக்கூடிய விபத்துகளை விவரித்துக் காப்புறுதி பாலிசி விற்பவர். அப்படிப்பட்டவருக்கு மாலையில் ஓர் எழுத்தோடு நிறுத்திக்கொள்வது பெரிய ஓய்வு. முதல் நாள் அவர் வாயில் வடை இருந்ததால் முருகனின் பிறப்பு மூன்று முறை நிகழ்ந்தது. கூட்டத்தில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டிருந்த அருண்ராஜ் மட்டும் பல்லைக் கடித்தான்.

அவன் பதிவு செய்ய வந்ததற்குக் காரணம் இருந்தது. இந்த வருடத்தோடு ரெங்கசாமியை நிறுத்திவிடுவது என்று பாக்கியலட்சுமி முடிவு செய்திருந்தார். இணையத்தில் புத்தகம் விற்றால்தான் இனிக் கடை நிற்கும். பொதி கட்ட இடம் வேண்டும். பின்னறையைத் தவிர வேறு இடமில்லை. சஷ்டியின்போது மட்டும் கடையின் முன்பக்கத்தில் ஒரு ஒலிபெருக்கி வைத்து வாசிப்பை ஓடவிட்டால் போதும் என்பது அருண்ராஜ் கொடுத்த யோசனை. அதை அவன் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு செயல்திட்டமாகச் சமர்ப்பிக்கப்போகிறான். தலைப்புகூடத் தயார்: "தடையற்ற வாசிப்பு."

"உங்க முட்டிக்கு இந்தப் படி ஆகாதுண்ணே," என்று பாக்கியலட்சுமி முதல் மாலையிலேயே விஷயத்தைச் சொன்னார். "தம்பி ரெக்கார்ட் பண்ணிக் குடுத்துருவான். அடுத்த வருஷம் நீங்களும் கூட்டத்துல உக்காந்து கேக்கலாம்."

ரெங்கசாமி அப்போது புத்தகத்தைத் துணி உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். "சரிம்மா," என்றார். உறையின் நாடாவை முடிச்சுப் போட்டார், அவிழ்த்தார், மறுபடி போட்டார். வருடத்தின் மற்ற நாள்களில் அவர் வீட்டில் தொலைக்காட்சி பேசும், அவர் கேட்பார். இந்த ஆறு மாலைகளில்தான் அவர் பேச, மற்றவர்கள் கேட்பார்கள். பின்னறையின் மூலையில் மடித்த அட்டைப்பெட்டிகள் இப்போதே வந்து அடுக்கியிருந்தன. அவற்றில் முதுகு படாமல் தள்ளி உட்கார்ந்துதான் அவர் மறுநாள் படித்தார்.

அருண்ராஜ் இரவோடு இரவாக வெட்டும் வேலையைத் தொடங்கினான். கேட்டு வெட்டவில்லை, பார்த்து வெட்டினான். திரையில் பெரிய மேடாகத் தெரிந்தால் ரெங்கசாமி, சின்ன மேடாகத் தெரிந்தால் மருதப்பன். சின்ன மேடுகள் எல்லாம் போயின. திரும்பப் படித்த வாக்கியங்கள் போயின. மூச்சு வாங்கும் இடங்களும் போயின. கதை என்னவென்று அவனுக்குத் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

ஒரே ஒரு சறுக்கல் நேர்ந்தது. நீக்கிய ம்களைக் குப்பைக்கு அனுப்பும் முன் ஒன்றிரண்டைப் போட்டுக் கேட்டான். பிறகு இன்னும் நான்கைந்து. எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தான், இல்லை. ஒரு ம் கீழே இறங்கியது. ஒன்று பாதியில் நின்று யோசித்தது. ஒன்று, சண்டைக்குப் போகிற ஆளை வாசலில் நின்று அனுப்பிவைப்பதுபோல் இருந்தது. அருண்ராஜ் அவற்றுக்குப் பெயர் வைத்து ஒரு கோப்புறையில் சேர்த்தான்: ம்-சரி, ம்-அப்படியா, ம்-பாவம், ம்-எனக்கு-அப்பவே-தெரியும், ம்-வடை.

"கேலி பண்றதுக்குத்தான் சேக்கிறேன்," என்று மறுநாள் ரக்ஷனாவிடம் விளக்கினான்.

அவள் ஒரு காதில் மாட்டிக் கேட்டாள். "இந்த பாவம் எதுக்கு வந்துச்சு?"

"எதுக்குன்னா?"

"யாரு பாவம்? அங்கிள் எதப் படிச்சப்போ இவரு இப்படிச் சொன்னாரு?"

அருண்ராஜுக்குத் தெரியவில்லை. வெட்டி எடுத்த பிறகு அது எந்த வாக்கியத்தின் ம் என்று கண்டுபிடிக்க வழியில்லை. "அது முக்கியமில்ல," என்றான். அன்றிரவு அதே ம்மை இன்னும் சில தடவை போட்டுக் கேட்டான். முக்கியமில்லாத ஒன்றை உறுதிசெய்து கொள்வதற்காக.

நான்காம் மாலை நல்ல மழை. கூட்டம் வந்துவிட்டது, மருதப்பனும் வந்து எதிர்ப்பாயில் உட்கார்ந்துவிட்டார், ரெங்கசாமியைக் காணவில்லை. அருண்ராஜுக்கு இது வானம் கொடுத்த வாய்ப்பாகப்பட்டது.

"அங்கிள் வர்ற வரைக்கும் நேத்து படிச்சதையே போடட்டுமா பெரியம்மா? ஒரு ட்ரையல்."

"போடேன்," என்றார் பாக்கியலட்சுமி.

ரெங்கசாமியின் பாயில் ஒலிபெருக்கியை வைத்தான். அதுவும் அவரைப்போலவே குள்ளமாக, கறுப்பாக உட்கார்ந்தது. பொத்தானை அழுத்தியதும் ரெங்கசாமியின் குரல், தடையே இல்லாமல், கழுவித் துடைத்ததுபோல் கிளம்பியது. முதல் வாக்கியம் முடிந்தது. பழக்கத்தில் மருதப்பன், "ம்," என்றார். அவர் ம்மின் தலைமேல் இரண்டாம் வாக்கியம் ஏறிப் போனது. அடுத்த ம்மைக் கொஞ்சம் சீக்கிரமாகச் சொன்னார். அதன்மேலும் ஏறிப் போனது. மருதப்பன் உடம்பை முன்னால் சாய்த்து, ஓடுகிற பேருந்தில் ஏறப் பார்க்கிற ஆள்போல, வாக்கியம் முடியும் இடத்தைக் குறிவைத்து ம் ம் ம் என்று துரத்தினார். துவாஸ் பையன் ஒருவன் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் மருதப்பன் துரத்துவதை விட்டார். அதற்கும் கொஞ்ச நேரத்தில் கூட்டத்தில் ஒவ்வொருவராகக் கைப்பேசியை எடுத்தார்கள். குரல் மட்டும் யாரையும் எதிர்பார்க்காமல் மளமளவென்று போய்க்கொண்டிருந்தது.

மருதப்பன் எழுந்தார். எதிர்ப்பாயிலிருந்து ஒருவர் நடுவில் எழுவது அந்த அறையில் அதுவே முதல் தடவை.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் பாக்கியலட்சுமி.

"ஒரு க்ளையன்ட்டு கூப்பிட்டாரு," என்றார் மருதப்பன். அவருடைய கைப்பேசி சட்டைப் பையில் அணைந்து கிடந்தது. "இது நல்லாத்தான் இருக்கு தம்பி. நான் இருந்தாலும் போகுது, இல்லாட்டியும் போகுது. நான் எதுக்கு நடுவுல?"

அவர் செருப்பு மாட்டப் போனபோது படியின் மேல்முனையில் ரெங்கசாமி நின்றிருந்தார். குடை சொட்டிக்கொண்டிருந்தது. வந்து எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியவில்லை.

"யாருப்பா படிக்கிறது?" என்றார்.

"நீங்கதான் அங்கிள்," என்றான் அருண்ராஜ், பெருமையாகவே.

"நானா?" ரெங்கசாமி தலையைச் சாய்த்து இன்னும் கொஞ்சம் கேட்டார். "நல்லாத்தான் படிக்கிறேன். யாருக்குப் படிக்கிறேன்?"

அருண்ராஜ் பொத்தானை அழுத்தி நிறுத்தினான். மருதப்பன் பக்கவாட்டில் ஒதுங்கி, கைப்பிடியில்லாத படிகளில் இறங்கிப் போய்விட்டார்.

அன்று எதிர்ப்பாயில் ரக்ஷனா உட்காரவேண்டியதாயிற்று. வேடிக்கை பார்க்க வந்தவள் அவள். ஆனால் அவளுடைய ம் முடிவில் கேள்விபோல மேலே ஏறியது. பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் அப்படித்தான். "வீரவாகு கடலைத் தாண்டினான்," என்று படித்ததும் அவள், "ம்?" என்றாள். ரெங்கசாமி புத்தகத்தைத் தாழ்த்தி, வீரவாகு யார், ஏன் தாண்டினான், எந்தக் கடல் என்று விளக்கினார். அவள் நன்றியோடு மறுபடியும், "ம்?" என்றாள். கடலுக்கு இந்தப் பக்கமே அன்றைய மாலை முடிந்துவிட்டது.

ஐந்தாம் மாலை மருதப்பன் வரவில்லை. பாக்கியலட்சுமி தொலைபேசியில் அழைத்தார். மருதப்பன் வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அருண்ராஜ் தன் கைப்பேசியை எதிர்ப்பாயில் வைத்தான்.

"அங்கிள், மருதப்பன் அங்கிள் இதுக்குள்ள இருக்கார்," என்றான். "முப்பத்தெட்டு வகை ம். நீங்க படிங்க, நான் தேவையானத அமுக்கறேன்."

ரெங்கசாமி கைப்பேசியைக் குனிந்து பார்த்தார், ஒரு மீன்தொட்டியைப் பார்ப்பதுபோல. "பாப்போம்," என்றார்.

முதல் சில வாக்கியங்கள் ஓடின. ம்-சரி. ம்-சரி. ம்-அப்படியா. ரெங்கசாமிக்கே கொஞ்சம் வேகம் வந்தது. அடுத்த நாள் போருக்கு முன்பு படைவீரர்களுக்கு விருந்து. நெய்ச்சோறு பரிமாறப்பட்டது என்று ரெங்கசாமி படித்தார். அருண்ராஜின் விரல் ஒரு வரிசை தவறி இறங்கியது. அறை முழுக்க மருதப்பனின் ம்-பாவம் எழுந்து, கனத்து, அடங்கியது.

ரெங்கசாமி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சாப்பாட்டுல என்ன குறை?"

"இல்ல அங்கிள், தப்பா அமுக்கிட்டேன்."

மறுபடி நெய்ச்சோறு. இந்த முறை பதற்றத்தில் ம்-வடை வந்தது. கூட்டத்தில் ஒருவருக்குப் புரையேறியது. ரெங்கசாமி மூன்றாம் முறை படித்தார், நான்காம் முறை படித்தார். சரியான ம்மே வந்தபோதும் அவர் நகரவில்லை. பேருந்துக் கண்ணாடியில் ஒருமுறை ஆள் இல்லை என்று தெரிந்துவிட்ட பிறகு எந்த மணியை அடித்தும் பயனில்லை. வீரர்கள் சாப்பிட்டுக்கொண்டே இருக்க, அன்றைய வாசிப்பு நின்றது.

ஆறாம் நாள் மத்தியானம் பாக்கியலட்சுமி ஒரு முடிவு சொன்னார். "இன்னிக்கு எல்லாரும் கோயிலுக்குக் கிளம்பறதுக்குள்ள கதை முடிஞ்சா, அடுத்த வருஷமும் அண்ணனே படிக்கட்டும். பெட்டிய எங்கயாவது வச்சுக்கறேன். நேத்து மாதிரி பாதியில நின்னா உன் ரெக்கார்டிங்தான் அருணு. சஷ்டியில கதைய அந்தரத்துல விடறது எனக்கு ஆகாது."

ரெங்கசாமிக்கும் இதைச் சொல்லியிருந்தார். அவர் அன்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் வந்து, தன் பாயில் உட்கார்ந்து, எதிர்ப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது காலியாக இருந்தது. சூரசம்ஹார நாள் என்பதால் கூட்டம் அதிகம். ஆனால் அந்தப் பாயின் பக்கம் பார்வை திரும்பியதும் எல்லோரும், பேராசிரியர் கேள்வி கேட்டபின் மாணவர்கள் செய்வதுபோல், தரையில் எதையோ தேடத் தொடங்கினார்கள். ரக்ஷனா முன்கூட்டியே சுவரோரம் போய்விட்டாள்.

"நீ போயி உக்காருடா," என்றார் பாக்கியலட்சுமி.

"நானா? நான் ரெக்கார்ட் பண்ணணும் பெரியம்மா."

"உக்காந்து பண்ணு."

அருண்ராஜ் ஒலிவாங்கியோடு எதிர்ப்பாயில் உட்கார்ந்தான். ஒன்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது: அவன் எதுவும் செய்யவேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கதை நிற்கும், பதிவு ஜெயிக்கும், செயல்திட்டம் ஜெயிக்கும். மனித வரலாற்றில் இவ்வளவு சுலபமான வெற்றி யாருக்கும் வாய்த்திருக்காது.

ஆனால் முப்பது பேர் பார்க்கும்போது சும்மா இருப்பதும் அழகில்லை. ரெங்கசாமி முதல் வாக்கியத்தைப் படித்தார். அது முடிவதற்குள்ளாகவே அருண்ராஜ், "ம்," என்றான், திரையில் வருகிற விதிமுறைகளுக்குக் கீழே "சம்மதம்" என்று அழுத்துவதுபோல. ரெங்கசாமி நிமிர்ந்து பார்த்துவிட்டு, அதே வாக்கியத்தை மறுபடி படித்தார். அருண்ராஜ் இன்னொரு ம் சொன்னான். அதே வாக்கியம். கடைப்பக்கத்துக் கடிகாரத்தை யாரோ திரும்பிப் பார்த்தார்கள். சரி, என் கடமை முடிந்தது என்று அருண்ராஜ் வாயை மூடிக்கொண்டான்.

வேறு வேலை இல்லாததால் அந்த வாக்கியம் காதில் விழுந்தது. ஆறு நாளில் முதல் தடவையாக.

சூரனுடைய நகரத்தில், கடலோரக் கோபுரத்தில் விளக்கேற்றுகிற ஒருவன் இருந்தான் என்றது அது.

ரெங்கசாமி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அருண்ராஜ், இப்படி ஓர் ஆள் எதற்கு இந்தக் கதையில் என்று நினைத்தான். நினைத்தபோது தொண்டையில் ஏதோ அசைந்திருக்கவேண்டும். அது ம் என்று சொல்லும்படிகூட இல்லை. ரெங்கசாமி அடுத்த வாக்கியத்துக்குப் போனார்.

போரின் கடைசி நாளுக்கு முந்தைய இரவு. நாளை எல்லாம் முடிந்துவிடும் என்று நகரத்துக்கே தெரியும். விளக்கு எரியக்கூடாது என்று அரசன் ஆணையிட்டிருக்கிறான். எரிந்தால் கடலுக்கு அப்பால் இருக்கும் முருகனின் படைக்கு வழி தெரிந்துவிடும். ஆனால் நகரத்து மீனவர்கள் காலையிலேயே கடலுக்குப் போனவர்கள், இன்னும் திரும்பவில்லை. விளக்கு இல்லாவிட்டால் அவர்களுக்குக் கரை தெரியாது. ரெங்கசாமி ஒவ்வொரு வாக்கியமாக வைத்தார், ஒவ்வொன்றுக்கும் பிறகு நிமிர்ந்தார். எங்கிருந்தோ ம் வந்துகொண்டிருந்தது. அது தன்னிடமிருந்துதான் வருகிறது என்பதை அருண்ராஜ் கவனிக்கவில்லை. அவன், கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்த மீனவப் பெண்களைக் கவனித்துக்கொண்டிருந்தான்.

"அவன் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கோபுரத்தின் படிகளில் ஏறினான்," என்று படித்துவிட்டு ரெங்கசாமி நிறுத்தினார்.

அருண்ராஜ் காத்திருந்தான். ரெங்கசாமியும் காத்திருந்தார். "அவன் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு," என்று மறுபடி தொடங்கினார். ஏறிய ஆள் திரும்பவும் கீழே வந்து நிற்பதை அருண்ராஜால் தாங்க முடியவில்லை.

"ம்," என்றான் அவசரமாக. "ம். ஏறிட்டான் அங்கிள். ஏத்தினானா?"

எதிர்ப்பாயில் இருப்பவர் கேள்வி கேட்பது வழக்கமில்லை. கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். ரெங்கசாமியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் சம்மணமிட்டிருந்த கால்களை வசதியாக மாற்றிப் போட்டுக்கொண்டார், நெடுந்தூர வண்டியில் ஏறி உட்கார்ந்தவர்போல.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. மருதப்பன், கழுத்தில் டையோடு, கையில் காப்புறுதிப் பையோடு வாசலில் வந்து நின்றார். எதிர்ப்பாயில் இருந்த ஆளைப் பார்த்தார். அருண்ராஜ் அவரைக் கண்டு பாதி எழுந்தான்.

"உக்காரு, உக்காரு," என்றார் மருதப்பன் தணிந்த குரலில். "நடுவுல எந்திரிக்கக் கூடாது. எங்க வந்திருக்கு?"

"கோபுரம்," என்றான் அருண்ராஜ்.

"அய்யோ," என்றார் மருதப்பன். பையைக் கீழே வைத்துவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாக அட்டைப்பெட்டிகளில் சாய்ந்து உட்கார்ந்தார். பெட்டிகள் சரிந்தன. பாக்கியலட்சுமி வந்து, அவற்றைச் சத்தம் வராமல் ஒவ்வொன்றாக எடுத்து முன்கடைக்குக் கொண்டுபோனார். போகிற வழியில் மருதப்பனின் காதருகே குனிந்தார்.

"அடுத்த வருஷத்துக்குள்ள அந்தப் படிக்கு ஒரு கைப்பிடி போட்டுடணும். நல்ல ஆளு யாராச்சும் தெரியுமா?"

"நம்ம அழகேசன் இருக்கான்," என்றார் மருதப்பன். "அப்புறம் பேசுவோம். கேளுங்க."

ரெங்கசாமி பக்கத்தைத் திருப்பினார். விளக்கை அவன் ஏற்றினான் என்று படித்தார். அலைகளின் மேல் வெளிச்சம் நீண்டு விழுந்தது என்று படித்தார். ஒவ்வொரு படகாகக் கரை சேர்ந்தது, பெண்கள் எண்ணிப் பார்த்தார்கள், ஒன்றும் குறையவில்லை. அருண்ராஜின் ம்கள் அந்தந்த இடத்தில் வந்து விழுந்தன, ஒன்றுபோல இன்னொன்று இல்லாமல். பிறகு ரெங்கசாமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அடுத்த வாக்கியத்தை மெதுவாகப் படித்தார்.

"கடைசிப் படகுக்குப் பின்னால், அதே வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, வேலவனின் படையும் வந்துகொண்டிருந்தது."

ரெங்கசாமி அவனையே பார்த்தபடி இருந்தார். விளக்கேற்றியவன் கோபுரத்தின் உச்சியிலிருந்து இரண்டையும் பார்த்திருப்பான் அல்லவா என்று அருண்ராஜுக்குத் தோன்றியது. முதலில் படகுகளை, அப்புறம் படையை. அவன் விளக்கை அணைத்திருப்பானா, விட்டிருப்பானா? கையிலிருந்த ஒலிவாங்கி எப்போதோ மடியில் சரிந்து, வேட்டிக்காரர் ஒருவரின் முழங்காலைப் பதிவு செய்துகொண்டிருந்தது. ரெங்கசாமி அவசரப்படுத்தவில்லை.

"ம்," என்றான் அருண்ராஜ்.